மூன்றாம் நபரின் நகல் மனு

அந்த ஜன்னலில் போய் நிற்காதீர்கள். திறந்திருக்கிறதே என்கிறீர்களா? திறந்துதான் இருக்கும். மூன்று மணி வரைக்கும் உள்ளே ஆள் வராது. மேஜைமேல் மூக்குக்கண்ணாடி இருக்கிறது பாருங்கள், அது சங்கரநயினாருடையது. கோர்ட் நகல் பிரிவு கிளார்க். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். கண்ணாடி இருந்தால் ஆள் இருக்கிற மாதிரியாம். இப்படி வந்து உட்காருங்கள். அந்த மூலை வேண்டாம், வெற்றிலை துப்பி வைத்திருக்கிறார்கள். நேற்றுத் துப்பியதில்லை அது, வெள்ளைக்காரன் காலத்தில் துப்பியது. மேலே மேலே பூசிக்கொண்டு வருகிறார்கள்.

உங்களுக்கு என்ன கேஸ்? வீட்டுக்காரர் பைக்கா? ஹெல்மெட்டா, சிக்னலா? எதுவானாலும் சரி, கேஸ் நம்பர் கொண்டு வந்திருக்கிறீர்களா? இல்லையா? ஆஜரான தேதி? அதுவும் இல்லையா? பிறகு என்னத்தை நம்பி பஸ் ஏறினீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் வந்தேன். படித்த பொம்பிளை, கான்வென்டில் பன்னிரண்டு வருஷம், போய்க் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்று நம்பி வந்தேன். இன்றைக்கு ஒன்பதாவது தடவை. தண்ணீர் வேண்டுமானால் என் பாட்டிலில் குடியுங்கள், அந்தப் பானைப் பக்கம் போகாதீர்கள். பாத்ரூம் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்கு மேல்மாடியைக் காட்டுவார்கள். மேல்மாடியில் கேட்டால் கீழே கை காட்டுவார்கள்.

எனக்கு வீட்டுக்காரர் கேஸ் இல்லை. என் வீட்டு ஆண்பிள்ளை வாழ்நாளில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஸ்கூட்டரை முறுக்கியதில்லை. இது வேன்காரன் கேஸ். என் மகள் ஜெனிட்டா எட்டாவது படிக்கிறாள். அவளையும் இன்னும் எட்டுப் பிள்ளைகளையும் ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிற வேன். ஐயம்பெருமாள் என்று பெயர். பெயர் பெரிசு, பேச்சு அதைவிடப் பெரிசு. நான் மேடம் என்று கூப்பிடச் சொன்னால் 'சரிக்கா' என்பான்.

ஏழே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் வேன் நிற்க வேண்டும். நின்றதா? ஒரு நாளாவது? ஏழு நாற்பத்தாறு ஆனால் நான் போன் பண்ணிவிடுவேன். எடுக்கவில்லையென்றால் எடுக்கிற வரைக்கும் பண்ணுவேன். அப்படிப் பண்ணினதால்தான் எங்கள் தெருப்பிள்ளைகள் ஒருநாளாவது பிரேயருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மற்ற அம்மாக்கள் ஒருத்தியாவது வாயைத் திறந்தாளா? நைட்டியோடு கேட்டில் நின்று டாட்டா காட்டுவதோடு சரி.

ஜூன் மாதம் ஒருநாள் வேன் நாற்பது நிமிஷம் லேட். சாயங்காலம் ஜெனிட்டா வந்து சொல்கிறாள், எங்கள் தெருவுக்கு வருமுன்னே போலீஸ் பிடித்ததாம், மணிக்கூண்டு பக்கத்தில், முன்னாடியே ஏறியிருந்த பிள்ளைகள் சொன்னார்களாம். எதற்கு என்றால் தெரியாதாம். "அண்ணன் எறங்கிப் போய்ப் பேசிட்டு வந்தாங்களாம்மா, பெறகு எங்ககிட்ட பேசவே இல்ல." அடுத்த வியாழக்கிழமை வேன் வரவில்லை. கோர்ட்டுக்குப் போயிருக்கிறானாம். நீங்களே சொல்லுங்கள், காலங்காத்தாலே போலீஸ் பிடித்துக் கோர்ட்டுக்கு அனுப்புகிறதென்றால் அது என்னவாக இருக்கும்? கண்ணும் அந்த வாரம் பூரா செக்கச்செவேலென்று இருந்தது. கிட்டே போனால் ஒரு வாடை. ஜெனிட்டா சொல்கிறாள், "அம்மா, அது தைலம். அண்ணனுக்குச் சளி." எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு வாடையைப் பற்றி என்ன தெரியும்?

என் வீட்டுக்காரர் ஜெபசிங் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ப்ளாரன்ஸ், அவன்ட்டயே கேட்டுத் தொலையேன்."

"குடிகாரன்ட்ட போய் குடிச்சியான்னா, ஆமான்னா சொல்லுவான்?"

"குடிகாரன்னு நீயே முடிவு பண்ணிட்டா பெறகு எதுக்கு விசாரணை?"

இந்த மாதிரி ஆளோடு இருபது வருஷம். சரி, நான் வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் இல்லை. எழுத்தில் வேண்டும், சீலோடு வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் ஸ்கூலில் பேச வேண்டும் என்று கிளம்பினேன்.

முதலில் டிராபிக் ஸ்டேஷன். ஏட்டு ஒருத்தர் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"எந்த செக்‌ஷன் மேடம்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே வந்திருக்கேன்."

"செக்‌ஷனச் சொன்னா எடுத்துப் பாக்கலாம்."

"எடுத்துப் பாத்தாதானே செக்‌ஷன் தெரியும்?"

"அப்ப கோர்ட்ல கேளுங்க."

காதைக் குடைந்த அதே குச்சியால் வழி காட்டினார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டரில் தேடினேன். வழக்கு எண் கேட்டது, வருஷம் கேட்டது. எல்லாம் தெரிந்தவள் எதற்குத் தேடப்போகிறாள்? பிறகு கோணல்மாணலாக ஆறு எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டது. நான் மனுஷிதான் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். நாலு தடவை தப்பென்று சொல்லிவிட்டது.

கடைசியில் வழி காட்டியது கேட் பக்கத்து டைப்பிங் கடை பகவதி. நீங்களும் நேராக அவளிடமே போங்கள், இவர்களிடம் தொண்டையைத் தேய்க்காதீர்கள். டிராபிக் கேஸெல்லாம் இங்கே வியாழக்கிழமைதான் எடுப்பார்கள். எந்த வியாழக்கிழமை என்று சொல்லி, வண்டி நம்பரைக் கொடுத்தால் போதும், உள்ளே போய்க் கேஸ் நம்பரை எழுதிக்கொண்டு வந்துவிடுவாள். பத்தே நிமிஷம். ஆனால் உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் கேஸென்றால் அவர் கையெழுத்துப் போட்டாலே நகல் மனு வாங்கிக்கொள்வார்கள். நான் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் என்றால் எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லி, பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பகவதி மேலாகக் கண்ணை ஓட்டினாள்.

"மேடம், இதப் படிச்சா ஜட்ஜுக்கே அழுகை வந்துரும். ரெண்டு வரி போதும்."

அவளே அடித்தாள். 'மனுதாரரின் மகள் மேற்படி எதிரி ஓட்டும் வாகனத்தில் பள்ளி செல்வதால்' என்று. கோர்ட் பாஷையில் கேஸில் மாட்டினவனுக்கு எதிரி என்றுதான் பெயர். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. பொருத்தமாக இருக்கிறது என்று பகவதியிடமே சொன்னேன்.

மனுவைக் கொடுத்துவிட்டு, கீழே என் போன் நம்பரை நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். தயாரானதும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். போய்க் கேட்டால் இந்த சங்கரநயினார் என்ன சொல்கிறார் தெரியுமா?

"ஒங்க மனு அடிச்சாச்சும்மா."

"டைப் அடிச்சாச்சா?"

"இல்லம்மா, மனுவையே அடிச்சாச்சு. தள்ளுபடி."

அதோ அந்தச் சுவரில் தொங்குகிறது பாருங்கள் ஒரு போர்டு, கம்பிவலை போட்டு. அதில் தினமும் ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்தெந்த மனுவுக்கு எத்தனை முத்திரைத்தாள் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஒட்டின மூன்று நாளுக்குள் நாம் பார்த்து, தாள் வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மனு காலி. முதலிலிருந்து ஆரம்பி.

"அந்த போன் நம்பர் எதுக்கு எழுதினேன்?" என்று கேட்டேன்.

"எதுக்கு எழுதுனீய?" என்று அவர் என்னைக் கேட்கிறார். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டக்கூட வரவில்லை.

ஜூலை பதினெட்டாம் தேதி மறுபடி மனு போட்டேன். ஆனால் எத்தனை நாள்தான் பொறுப்பது? பிள்ளை தினமும் அந்த வேனில் போய் வருகிறாள். ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கோர்ட்டா பதில் சொல்லும்? இருபத்தொன்றாம் தேதி ஸ்கூலுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன், பிரின்சிபால் சிஸ்டர் எவாஞ்சலினுக்கு. குடித்து ஓட்டினான் என்று நான் எழுதவே இல்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'மது அருந்தி வாகனம் ஓட்டியதற்காக நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததாக அறியப்படுகிறது, ஆதாரம் விரைவில் சமர்ப்பிக்கப்படும்' என்றுதான் எழுதினேன். அறியப்படுகிறது என்பதற்கும் தெரியும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா? இலக்கணம் படித்தவர்களுக்குப் புரியும்.

சிஸ்டர் மறுநாளே வேனை நிறுத்திவிட்டார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாராம். குடி இல்லை சிஸ்டர், வேறு கேஸ் என்று சொன்னானாம். அபராதம் கட்டின ரசீதைக் காட்டியிருக்கிறான். அதில் நம்பரும் தொகையும்தான் இருக்கிறது, என்ன குற்றம் என்று இல்லை. "கோர்ட்ல என்ன போட்டிருக்காங்களோ அதைக் கொண்டு வா. குடி இல்லைன்னா எச்சரிச்சு விட்டுடறேன். அதுவரைக்கும் நீ வண்டி ஓட்டக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். கெடு வருகிற திங்கட்கிழமை. அதற்குள் அவன் கொண்டு வராவிட்டால் வேறு வேன் வந்துவிடும், எழுத்து மூலமாகவே ஏற்பாடு பண்ணி வைத்துவிட்டார்கள்.

நீங்கள் உச்சுக் கொட்டாதீர்கள். முழுசும் கேளுங்கள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி நகல் என் கைக்கு வந்தது. இதே பெஞ்சில்தான் உட்கார்ந்து படித்தேன். 'எதிரி மேற்படி வாகனத்தைக் காலை 7.48 மணிக்கு மணிக்கூண்டு அருகே செல்போனில் பேசியபடி ஓட்டி வந்தார். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்.' அவ்வளவுதான். இத்தனை அலைச்சலுக்கு ஒரு செல்போன்! மூன்றாம் பக்கம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நிமிர்ந்தால் எதிரே எதிரி நிற்கிறான். தன் கேஸுக்கு நகல் மனு போட வந்திருக்கிறான்.

"அக்கா, ஒங்களுக்குக் கெடச்சிட்டாக்கா?"

வெட்கமே இல்லாமல் சிரிக்கிறான். நான் விடவில்லை.

"பிள்ளைகளை வச்சுக்கிட்டு போன் பேசிட்டு ஓட்டுவியா நீ? அப்படி யார்கிட்ட என்ன கொஞ்சல் காலையில?"

"அது நீங்கதான்க்கா."

"என்னது?"

"ஒங்க போன்தான்க்கா அது. மூணு தடவ எடுக்கல. நாலாவது தடவயும் அடிக்கவும், பிள்ளைக்கு ஏதும் ஆயிப்போச்சோன்னு பயந்து எடுத்துட்டேன். எங்கல இருக்கன்னு கேட்டிய. மணிக்கூண்டுன்னு சொல்லுதேன், போலீஸ்காரர் முன்னாடி நிக்காரு."

"ஓரமா நிப்பாட்டிட்டு எடுக்க வேண்டியதுதானே?"

"நிப்பாட்டுனா லேட்டாயிரும்லாக்கா. லேட்டானா மறுபடி அடிப்பியள்லா."

கேட்டீர்களா, பழியை எப்படித் திருப்புகிறான் என்று! நான் போன் பண்ணினேன். சரி, பண்ணினேன். எடு என்று சொன்னேனா? வீட்டுக்கு வந்து போனில் பார்த்தேன். பழைய அழைப்பெல்லாம் இருக்கிறதில்லையா, அதில் அந்தத் தேதிக்கு ஏழு நாற்பத்தெட்டு என்றுதான் காட்டுகிறது. ஆனால் என் போன் கொஞ்சம் வேகமாக ஓடும். அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

போகும்போது ஒன்று கேட்டான். "அக்கா, ஒங்க தாளக் குடுத்தியன்னா சிஸ்டர்ட்ட காட்டிட்டு ஒரு மணி நேரத்துல கொண்டாந்துருதேன். நான் போட்டா எப்ப வருமோ." நான் சொல்லிவிட்டேன், அது என் பெயரில் எடுத்தது, நீ உன் பெயரில் எடுத்துக்கொள் என்று. அதில் என்ன தப்பு? சட்டப்படி பேசினேன். தினமும் போர்டைப் பார் என்று அவனிடம் சொன்னீர்களா என்றால், இல்லை. எனக்கு யார் சொன்னார்கள்?

இப்போது லோடு ஆட்டோவில் சிமெண்டு ஏற்றிப் போகிறானாம், எங்கள் தெருமுனைக் கடைக்காரம்மா சொன்னாள். மற்ற எட்டு வீட்டுக்காரிகளும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒருநாள் லீவு போட்டுப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிறார்களாம், அதற்கு நான் காரணமாம். ஜெனிட்டாவை அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டு போகிறார், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில். தினமும் லேட். அவள் என்னோடு பேசுகிறாள், ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில். இந்த ஆபீஸில் பேசுகிற மாதிரி.

நான் இன்றைக்கு எதற்கு வந்தேன் என்றா? வேறு வேலையாக வந்தேன். பாத்ரூம் விஷயமாக ஒரு புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று. வந்த இடத்தில் போர்டு கண்ணில் பட்டது. அவன் மனு நம்பர் முன்னூற்று எண்பத்தெட்டு. புதன்கிழமையே தாள் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு மூன்றாவது நாள். இன்று சாயங்காலத்துக்குள் கொடுக்கவில்லையென்றால் அடித்துவிடுவார்கள். அவன் சிமெண்டு மூட்டைக்கு நடுவில் இருக்கிறான், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? அதனால் தாளை நானே வாங்கி வைத்தேன். எப்போது வாங்கினேனா? வரும்போதே வாங்கிக்கொண்டுதான் வந்தேன். எதற்கும் கையில் இருக்கட்டும் என்றுதான். அப்படிப் பார்க்காதீர்கள்.

இருங்கள், கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வருகிறேன்.

கேட்டதா உங்களுக்கு? இங்கே வரைக்கும் கேட்டிருக்குமே. அந்த மனுஷன் மெதுவாகப் பேசினால் சம்பளம் குறைந்துவிடும்.

"இது ஒங்க நம்பர் இல்லையேம்மா."

"இல்ல."

"எதிரியோட மனுல்லா இது? நீங்க யாரு அவருக்கு?"

என்னத்தைச் சொல்வது? தெரிந்தவர் என்றேன். இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி எண்ணிவிட்டு, "செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்க" என்கிறார். திங்கட்கிழமை வேண்டும் சார், ஒருத்தன் பிழைப்பு என்றேன். "அம்மா, டைப்பிஸ்ட் லீவு. நீங்க வச்சிருக்கியள்லா ஒரு நகல்? அதுவும் இதுவும் ஒரே கேஸுதான, ஒரே எழுத்துதான. அதக் கொண்டு போய்க் காட்டுங்களேன்" என்கிறார். இத்தனை மாதத்தில் இந்த ஆள் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு, அதுவும் இன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

நகல் பையில்தான் இருக்கிறது. ஒரு வாரமாக இந்தப் பைக்குள்ளேயேதான் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள், நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், உங்கள் நகலும் இப்படித்தான் வரும். முன்பக்கம் இல்லை, திருப்புங்கள். பின்னால் ஒரு சீல் குத்தி நிரப்பியிருக்கிறார்களே, வாசியுங்கள். மனுதாரர் ப்ளாரன்ஸ் ஜெபசிங், மூன்றாம் நபர். மனு கொடுத்த நாள் ஜூலை பதினெட்டு. முத்திரைத்தாள் கேட்ட நாள் இருபத்திரண்டு. கொடுத்த நாள் இருபத்துமூன்று. நகல் தயாரான நாள் ஆகஸ்ட் ஒன்று. இந்த ஆபீஸில் எதுவும் ஒழுங்காக நடக்காது, இந்தத் தேதி மட்டும் ஒன்றுகூடப் பிசகாமல் போட்டிருக்கிறார்கள்.

என் கடிதம் இருபத்தொன்றாம் தேதி, இந்த நகல் வருவதற்குப் பதினொரு நாள் முன்னாலே. இப்போது புரிகிறதா?

பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லாதீர்கள். உங்களுக்குக் கான்வென்ட் சிஸ்டர்களைத் தெரியாது. லீவு லெட்டரைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். சிஸ்டர் எவாஞ்சலின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். என் கடிதத்தை பைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைப்பார். சத்தம் போடமாட்டார். அதுதான் கஷ்டம். சத்தம் போட்டால் நானும் போடலாம்.

மணி என்ன? மூன்றே கால். ஸ்கூல் ஆபீஸ் நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஸ்கூல் பக்கம் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும், எதிரே தானே? அந்தத் தாளைக் கொடுங்கள், மடிக்காதீர்கள்.

நீங்கள் பகவதியிடம் போங்கள், நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள். என்னைப் பற்றி அவள் ஏதாவது சொல்லுவாள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், எனக்குத் தெரியும். "கடிதம் எழுதின அன்னைக்கு உனக்கு என்ன தெரியும், ப்ளாரன்ஸ்?" என்பார். ஒன்றும் தெரியாது என்று சொல்லப்போகிறேன். இந்த ஊரில் ஒரு ஆபீஸிலாவது, கேட்ட கேள்விக்கு உடனே பதில் கிடைக்கட்டும்.